மலைப்பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியராகப் போகிறேன், பிள்ளைகளை ஊக்கப்படுத்த முடியுமா?

கேள்வி கேட்டவர் மேட்டுப்பாளையத்துக்காரர். கோவையில் பி.எட் கணிதம், இரண்டாம் ஆண்டு. பயிற்சிக்குக் கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி கிடைத்திருக்கிறது, சித்தி வீட்டில் தங்கப் போகிறார். எட்டாம் வகுப்பில் தனக்குக் கிடைத்த ஒரு டீச்சரைப் போலத் தானும் பிள்ளைகளை இன்ஸ்பயர் பண்ண வேண்டும் என்று ஆசை. ஆனால் மலைப் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள், பயிற்சிக்கு வருபவர்களை மதிக்கவும் மாட்டார்கள் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்களாம். என்ன செய்தால் பிள்ளைகள் மனதில் நிற்பேன் என்று கேட்டிருக்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கணக்கில் ஆர்வம் வரவைப்பது எப்படி என்பது ஒன்று. என்னுடையதே இல்லாத வகுப்பில், சில வாரங்களில் கிளம்பிவிடப் போகிற எனக்கு என்ன மரியாதை இருக்கும் என்பது இன்னொன்று. நீங்கள் முதலாவதைக் கேட்டிருக்கிறீர்கள், கவலை என்னவோ இரண்டாவதைப் பற்றி என்று எனக்குப் படுகிறது. மனதில் நிற்பது பற்றி என்னிடம் ஆலோசனை எதுவும் இல்லை. எந்தப் பிள்ளை யாரை நினைவு வைத்துக்கொள்ளும் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஆர்வம் பற்றிச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

நான் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் கணக்குப் பட்டதாரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பயிற்சிக்கு வருபவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக நியமித்து என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள், அதனால் நிறையப் பேரின் வகுப்பைப் பார்த்திருக்கிறேன். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வேலை பார்த்ததில்லை. தொடக்கப் பள்ளி அனுபவமும் இல்லை. நான் சொல்வதை ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரைக்கும், மலையின் இந்தப் பக்கத்துக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் நிலைமை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகள் வந்து பி.எட் இரண்டு வருஷமான பிறகு, பள்ளியில் மொத்தம் 20 வாரம் என்று ஆனது. முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. கேட்க நிறைய மாதிரி இருக்கும். அதில் அப்சர்வேஷன், தேர்வு நாட்கள், விடுமுறை, ரெக்கார்டு எழுதும் நாட்கள் எல்லாம் போக, நீங்கள் நிஜமாகவே போர்டு முன் நிற்கிற பீரியடுகள் குறைவு. மலையில் இன்னும் குறையும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியையும் குன்னூரையும்தான் பிடித்துக்கொள்ளும், கலெக்டர் விடுமுறை விட்டுக்கொண்டே இருப்பார். அப்புறம் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை வரும். பாடக்குறிப்பை வாரத்துக்கு ஐந்து நாள் என்று அடைத்து எழுதாதீர்கள்.

இவ்வளவு குறைந்த நேரத்தில் பெரும்பாலான பயிற்சி ஆசிரியர்கள் செய்வது, முதல் நாளே ஊக்கப் பேச்சு. கனவு காணுங்கள், முடியாதது எதுவும் இல்லை, நான் எப்படிக் கஷ்டப்பட்டுப் படித்தேன் தெரியுமா, இந்த மாதிரி. பிள்ளைகள் கைதட்டுவார்கள். போன வருஷம் வந்த அக்காவும் அதையேதான் சொன்னார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். என் கருத்து இதற்கு நேர் எதிரானது: ஊக்கம் முதலில் வந்து அதனால் புரிவது குறைவு, புரிந்ததால் ஊக்கம் வருவதுதான் அதிகம். இதை அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. உங்கள் உளவியல் தாளில் ஆல்பர்ட் பண்டுரா வருவார். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்று அவர் 1977-இல் எழுதினார்: தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர்கள் சொல்லக் கேட்பது, உடலும் மனமும் அப்போது இருக்கிற நிலை. இவற்றில் தானே செய்து ஜெயிப்பதுதான் வலுவானது. மற்றவர் சொல்லக் கேட்பது அந்த அளவுக்கு நிற்பதில்லை. நம் ஊக்கப் பேச்சு அந்த வகையில் சேர்ந்தது. கனடாவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-இல் வந்த ஓர் ஆய்வும், கணக்கில் மார்க் ஏறினால் பின்னால் ஆர்வம் ஏறுகிறது, ஆர்வம் ஏறியதால் மார்க் ஏறியதாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னது. இரண்டும் ஒன்றை ஒன்று வளர்க்கும் என்று சொல்கிற ஆய்வுகளும் உண்டு. ஆகவே பண்டுரா சொன்னதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம், கனடா ஆய்வை நம் ஒன்பதாம் வகுப்புக்குப் பொருத்துவது என் ஊகம்.

அப்படியானால் உங்கள் வேலை சின்னது, தெளிவானது. கிடைக்கிற ஓர் அத்தியாயத்தை, அந்த வகுப்பில் இதுவரை கணக்கே வராது என்று உட்கார்ந்திருக்கிற சிலருக்காவது, முழுதாகப் புரியவைப்பது. அதற்கு மலை பெரிய உதவி. ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் சாய்வு வரும், அடுத்து முக்கோணவியல். இரண்டையும் சூத்திரமாகவே தாண்டிப் போகிற வகுப்புகளைத்தான் அதிகம் பார்த்தேன். நீங்கள் ஒன்று கேளுங்கள்: கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறுகிற நம் மலை ரயில் எத்தனை டிகிரி சாய்வில் ஏறுகிறது? ஒவ்வொருவரும் ஒரு எண்ணை நோட்டில் எழுத வேண்டும், பேசக் கூடாது. 30, 45 என்று வரும், 60 என்று எழுதுகிறவர்களும் இருப்பார்கள். அப்புறம் தகவலைக் கொடுங்கள். அந்தப் பாதையின் செங்குத்தான இடத்திலேயே பன்னிரண்டு மீட்டர் சொச்சம் முன்னே போனால்தான் ஒரு மீட்டர் மேலே ஏறும். டேன் (tan) மதிப்பு, அதாவது ஏறிய உயரத்தை முன்னே போன தூரத்தால் வகுத்தது, சுமார் 0.08. அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து டிகிரிகூட இல்லை. இந்த ஐந்துக்கும் குறைவான டிகிரிக்குத்தான் தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்து, எஞ்சினில் பல்சக்கரம் வைத்து, 1899-இல் குன்னூர் வரைக்கும் ரயிலை ஏற்றினார்கள். சாதாரண ரயில்பாதை நூற்றுக்கு ஒன்று ஏறினாலே அதை ஏற்றம் என்பார்கள். தான் எழுதிய 45-ஐப் பிள்ளை திரும்பப் பார்க்கும் அந்த நேரத்தில்தான் சாய்வு என்றால் என்ன என்ற கேள்வி அதற்கே சொந்தமாகிறது.

அதோடு விடாதீர்கள். ஒரு மீட்டர் குச்சி, பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டில், ஒரு ஸ்கேல். குச்சியின் மேட்டுப் பக்க முனையைப் பாதையில் வைத்து, பாட்டிலைக் குச்சியின் மேல் படுக்க வைத்து, தண்ணீர் மட்டம் குச்சிக்கு இணையாகும் வரை மறுமுனையைத் தூக்கிப் பிடித்து, தரைக்கும் அந்த முனைக்கும் உள்ள உயரத்தை அளந்தால் சாய்வு கிடைத்துவிடும். 10 சென்டிமீட்டர் என்றால் பத்துக்கு ஒன்று. பள்ளி கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நாலு இடத்தில் அளக்க ஒரு பீரியடு போதும். எங்கள் ஹட்டிப் (படுகர் ஊர்) பாதை ரயிலைவிடச் செங்குத்து என்று ஒருவன் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு வகுப்பு உங்கள் கையில் இல்லை, சந்தோஷப்படுங்கள்.

ஊட்டிப் பக்கம் முத்தொரையில் ரேடியோ தொலைநோக்கி இருப்பது பல பிள்ளைகளுக்குத் தெரியும், பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-இல் முடிந்தது. அதை ஏன் இங்கே ஒரு சரிவில் கொண்டுவந்து வைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. வடக்கு தெற்காக ஏறத்தாழ அதே 11 டிகிரி சாய்ந்திருக்கிற ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். சாய்வும் அட்சரேகையும் ஒன்றானால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும், அதை ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்தில் நகர்கிற ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானியின் யோசனை இது. இணைகோடுகள், கோணம் என்று ஏழாம் வகுப்பில் படித்ததை வைத்தே போர்டில் வரைந்து காட்டிவிடலாம். கேரட் தோட்டத்துக்கு நடுவே இப்படி ஒன்று நிற்பதை எந்தப் பாடநூலாவது எடுத்துச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்.

எட்டாம் வகுப்பு கிடைத்தால் சதவீதத்துக்குத் தேயிலை இருக்கிறது. மழைநாளில் பச்சை இலையை எடை போடும்போது ஈரத்துக்கு என்று ஒரு சதவீதம் கழிப்பார்கள். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலு முதல் நாலரை கிலோ இலை வேண்டும். இதை வைத்து ஒரு வாரம் ஓட்டலாம். ஆனால் எண்களை நீங்களே கொடுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை கிலோ பறிக்கிறார்கள், அம்மாவுக்கு என்ன கூலி என்று வகுப்பில் கேட்காதீர்கள். சொந்தத் தோட்டம் உள்ள பிள்ளையும், அதே தோட்டத்தில் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள்.

அடுத்து, வாயே திறக்க மாட்டார்கள் என்பது. திறப்பார்கள். உங்கள் வகுப்பில் வீட்டில் படுகு (படுகர்களின் மொழி) பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் தமிழ் வேறு மாதிரி. இருளர், குறும்பர், கோத்தர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கலாம். கீழேயிருந்து வந்த உங்கள் பேச்சு வேகத்தைப் பிடிக்கவே முதல் வாரம் போய்விடும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுச் சொன்ன ஒன்று எனக்கு மிகவும் உதவியது. கேள்வி கேட்டதும் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, பதிலே வராமல் போவது குறைகிறது, எப்போதும் பேசாதவர்களும் பேசுகிறார்கள். மூன்று நொடி என்பது போர்டு முன் நிற்கும்போது ரொம்ப நீளம், மனதுக்குள் எண்ணிப் பழகுங்கள். நான் இன்னொன்றும் செய்வேன்: கேள்வியைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் எந்த மொழியில் வேண்டுமானாலும் இரண்டு நிமிஷம் பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவேன். படுகுவில் ஒருமுறை பேசிய பதில் தமிழில் தைரியமாக வரும்.

பேசாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அதைத் தேடிப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. சிக்னல் கிடைக்காத எஸ்டேட் லைன் வீடுகளில் ஆன்லைன் வகுப்பெல்லாம் பெயருக்குத்தான். வகுத்தலும் பின்னமும் கற்க வேண்டிய வயதில் வீட்டில் இருந்த பிள்ளைகள் இப்போது மேல் வகுப்பில் இயற்கணிதத்தைப் பார்த்து முழிக்கிறார்கள். நீங்கள் ரெக்கார்டுக்காக ஓர் அடைவுத் தேர்வு வைத்தே ஆக வேண்டும். அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல், முதல் வாரத்திலேயே சின்னதாக ஒன்று, மார்க் போடாமல், ஐந்தாம் வகுப்புப் பின்னங்களிலிருந்து வையுங்கள். எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும், செயலாய்வுக்கு (வகுப்பிலேயே ஒரு சிக்கலை எடுத்துத் தீர்த்துப் பார்க்கும் ஆய்வு) தலைப்பும் கிடைத்துவிடும். இணையத்தில் பிடித்த தலைப்பில் எண்களை நிரப்பிக் கொடுக்கும் செயலாய்வுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஸ்டாஃப் ரூமில் முதல் நாளே சில பெயர்களைச் சொல்லி, அதுங்க தேறாது, நேரத்தை வீணாக்காதீங்க என்பார்கள். கெட்ட எண்ணம் இல்லை, களைப்பு. ஆசிரியரின் எதிர்பார்ப்பே பிள்ளையை மாற்றும் என்பதற்கு 1968-இல் ரோசந்தாலும் ஜேக்கப்சனும் செய்த சோதனையை உங்கள் பேராசிரியர் சொல்லியிருப்பார். அது சொல்லப்படுகிற அளவுக்கு வலுவானது இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2005-இல் வந்த மறுஆய்வு, விளைவு பொதுவாகச் சிறியது, ஆனால் சமூகத்தில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடம் அது பெரிதாக இருக்கக்கூடும் என்றது. உங்கள் வகுப்பில் யார் அந்தப் பிள்ளைகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயர்ப் பட்டியலைக் காதில் வாங்குங்கள், நோட்டில் எழுதாதீர்கள். பி.எட்டில் இன்னும் சொல்லித்தரும் இன்னொன்று, பிள்ளைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்து அதற்கேற்பக் கற்பிப்பது. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் அதிகம் கற்கிறார்கள் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று 2008-இல் ஒரு உளவியலாளர் குழு தெளிவாகவே எழுதியது. தேர்வில் கேட்டால் எழுதுங்கள், வகுப்பில் அதற்காக மெனக்கெட வேண்டாம். படமும் பேச்சும் செயலும் எல்லாருக்கும் வேண்டும்.

மதிக்க மாட்டார்கள் என்பதற்கு வருகிறேன். பிரம்பு எடுக்கச் சொல்லி யாராவது யோசனை தந்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது என்பது நினைவில் இருக்கட்டும். அது தேவையும் இல்லை. பாதி வகுப்பு குலைவது ஆசிரியர் போர்டில் நீளமாக எழுதிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கும்போதுதான். எழுத வேண்டியதை முன்பே சார்ட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எல்லார் பெயரையும் முதல் வாரத்துக்குள் படித்துவிடுங்கள். 'ஏய் ப்ளூ ஸ்வெட்டர்' என்று கூப்பிட்டால் எப்படி மதிப்பான், வகுப்பே ப்ளூ ஸ்வெட்டர்தானே.

சில மலை விஷயங்கள். தகரக் கூரை வகுப்பு என்றால் பலத்த மழையில் உங்கள் குரல் இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது, கத்தினால் மறுநாள் தொண்டை போய்விடும். தாளில் செய்கிற ஒரு வேலையை எப்போதும் பையில் வைத்திருங்கள். ஈரத்தில் போர்டு வியர்த்துச் சாக்பீஸ் பிடிக்காது, காய்ந்த துணி ஒன்று வேண்டும். மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறேன் என்று உற்சாகத்தில் இறங்கிவிடாதீர்கள். பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது, நடந்து போகிற பாதையில் கரடியும் காட்டெருமையும் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கிற கால் மணி நேரம்தான் உங்கள் ஸ்பெஷல் கிளாஸ். வழிகாட்டி ஆசிரியரிடம் பாடக்குறிப்பை முந்தின நாளே காட்டிவிடுங்கள். போர்ஷன் முடியாமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு எப்போதும் இருக்கும். இந்த அத்தியாயத்தை இந்தத் தேதிக்குள் முடித்துத் தருகிறேன் என்று சொல்லி அப்படியே செய்தீர்கள் என்றால், ரோட்டை அளக்க வெளியே போவதற்கு அவரே ஹெச்.எம்.-இடம் பேசி அனுமதி வாங்கித் தருவார்.

கிளம்புகிற நாள் பற்றி இப்போதே யோசித்து வையுங்கள். பிள்ளைகள் போன் நம்பர் கேட்பார்கள், கொடுக்க வேண்டாம், என்ன சந்தேகம் என்றாலும் உங்கள் கணக்கு சாரிடம் கேளுங்கள் என்று அவரை முன்னால் வைத்தே சொல்லுங்கள். பரிசுப் பொருள் வாங்க வீட்டில் காசு கேட்டு நிற்பார்கள், அதை ஒரு வாரம் முன்பே தடுத்துவிடுங்கள். யாருக்கு எந்த இடம் வரை புரிந்திருக்கிறது, யார் பின்னத்தில் நிற்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்து அந்த வகுப்பில் நிற்கப் போகிறவர் அவர்தான்.

எந்த வகுப்பு, எந்த அத்தியாயம் என்று முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், பாடக்குறிப்பைப் பார்த்துச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு உயரங்களும் தொலைவுகளும் என்றால் இப்போதே ஸ்ட்ரா, நூல், பெரிய கோணமானி எல்லாம் மேட்டுப்பாளையத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வகுப்புக்கு வேண்டிய எண்ணிக்கையில் மேலே ஒரே கடையில் கிடைப்பது கஷ்டம்.